படத்தில் நின்ற மீன்கள்

கடல் பெரிது, அதில் மீனுக்குப் பஞ்சம் வராது என்பது நெடுநாளைய நம்பிக்கை. எத்தனை மீன் கிடைத்தது என்று எண்ணுகிற நாம், எத்துணைப் பெரிய மீன் கிடைத்தது என்று கேட்பதில்லை. கேட்டால் என்ன தெரியவரும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு.

புளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் உள்ள தீவு கீ வெஸ்ட். பொழுதுபோக்காக மீன்பிடிக்க வருவோர், தூண்டிலில் அகப்பட்டவற்றுள் சிறந்தவற்றைக் கரையில் ஒரு பலகையிலே தொங்கவிட்டு, அருகில் நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். பழைய படங்கள் பல நூலகத்தில் சேமிக்கப்பட்டிருந்தன. லோரன் மக்ளெனகன் என்னும் ஆராய்ச்சியாளர் அப்படங்களில் உள்ள மீன்களை அளந்து, 2007-இல் தாமே எடுத்த படங்களோடு ஒப்பிட்டார். 2009-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: 1950-களின் பிற்பகுதியில் ஒரு மீனின் சராசரி எடை ஏறக்குறைய 20 கிலோ, 2007-இல் அது 2.3 கிலோ. பெருங்களவாவும் சுறாவும் தொங்கிய இடத்தில் சிறிய சங்கரா இன மீன்கள் தொங்கின. மனிதர் முகத்திலோ அதே பெருமிதம்!

இதில் வியப்பில்லை. முன்னோர் கண்ட மீனைக் காணாதவர், தாம் கண்டதையே கடலின் இயல்பு என்று கொள்கின்றனர். இந்த மறதியை மீனியல் அறிஞர் டேனியல் பாலி 1995-இலேயே எடுத்துக்காட்டினார்.

மீன் சிறுப்பது ஏன்? தூண்டிலும் வலையும் பெரியவற்றையே முதலில் நாடுகின்றன. மீன் வளர்ந்து முதிர்வதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தை நாம் அளிப்பதில்லை. மேலும், சிறிய உடலிலேயே சினைப்படும் மீன்கள் பிடிபடுமுன் இனம் பெருக்கிவிடுகின்றன. அவற்றின் வழித்தோன்றல்களே மிகுகின்றன. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில், 1992-இல் காட் மீன்பிடிப்பு நிறுத்தப்படுவதற்கு முன்பே, அம்மீன்கள் இளமையிலேயே முதிர்ச்சியடையத் தொடங்கியிருந்தன.

இழப்பு எடையோடு நிற்பதன்று. பெரும்பாலான இனங்களில், இரு மடங்கு எடையுள்ள தாய்மீன் இரு மடங்குக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. ஆதலின் ஒரு பெரிய தாயின் இடத்தைப் பல சிறிய தாய்களாலும் எளிதில் நிரப்ப இயலாது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது என்று கேரள அரசு 2015-இல் விதித்தது. இத்தகைய விதி குஞ்சுகளைக் காக்கும். முதிர்ந்த தாய்களையும் காத்தல் வேண்டும். புளோரிடாக் கடலில் பேருருக் களவாவைப் பிடிப்பது 1990-இல் தடைசெய்யப்பட்டது. அருகிப் போயிருந்த அம்மீன்கள் ஆண்டுகள் பல சென்றபின் மெல்ல மெல்லத் தென்படலாயின.

ஆகவே, கரைக்கு வரும் மீனை எண்ணுவதோடு அமையாது, அளந்தும் எழுதி வைப்போமாக. நம் மக்கள் இழந்தது இன்னதென்று அறிந்தால்தான், அதை மீட்க முனைவார்கள்.