பேய்க்கதைக்கு பேக்கப் இல்லை

மேடவாக்கம் சிக்னல்ல நின்னுக்கிட்டு கேக்குறவங்களுக்கும், தாம்பரம் லோக்கல்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கேக்குறவங்களுக்கும் தனியா ஒரு வணக்கம். இன்னைக்கு பேய்க்கதை. படம் இல்லை, வெப் சீரிஸ் இல்லை, புத்தகம்.

உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "தமிழ்ல ஹாரர் யார் ப்ரோ எழுதுறாங்க?" பதில் சொல்ல ஆரம்பிச்சா இந்திரா சௌந்தர்ராஜன் பேர் வரும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்', அதுல 'விடாது கருப்பு', அந்தக் குதிரை. உங்க அக்காவோ சித்தப்பாவோ இன்னும் அதை நினைச்சு பயப்படுவாங்க. அவர் 2024 நவம்பர்ல இறந்தப்போ நம்ம டைம்லைன் முழுக்க அஞ்சலிதான். சரி, அவருக்கு அடுத்த பேர்? அங்கதான் அமைதியாயிடும்.

நம்ம அப்பா, தாத்தா தலைமுறை வாசகர்கள் கிட்ட கேட்டா பி.டி. சாமின்னு சொல்வாங்க. 'பேய்க்கதை மன்னன்'னு பட்டமே இருந்த ஆள். இப்ப அவரோட ஒரு புத்தகத்தை வாங்கணும்னு தேடிப் பாருங்க. அவ்வளவு பேர் படிச்ச ஒரு எழுத்தாளர் எப்படி இப்படிக் காணாம போக முடியும்? யாரும் சதி பண்ணலை. அந்த சிஸ்டமே அப்படித்தான் டிசைன் ஆகியிருக்கு. மூணு காரணம் சொல்றேன்.

முதல் காரணம், பாக்கெட் நாவல் என்பது வடிவத்தில் புத்தகம், வியாபாரத்தில் மாத இதழ். ஸ்டேஷன் வாசல் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். அடுத்த மாதம் புது இதழ் வந்ததும் பழசு கீழே இறங்கிடும். மறுபதிப்பு, லைப்ரரி ஷெல்ஃப், விமர்சனம் எதுவும் பெரும்பாலும் கிடையாது. முப்பது நாள்தான் ஆயுள்.

இரண்டாவது, காகிதம். மலிவான நியூஸ்பிரிண்ட். அதுல இருக்கிற லிக்னினும் அமிலமும் சேர்ந்து பக்கத்தை மஞ்சளாக்கி, அப்புறம் அப்பளம் மாதிரி உடைய வைக்கும். சென்னை ஈரப்பதத்தில் கேக்கவே வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம், காப்புரிமை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து அறுபது வருஷம் வரைக்கும் உரிமை அவர் வாரிசுகளுக்கு. நியாயமான சட்டம்தான். ஆனா பதிப்பகம் மூடிப்போச்சு, வாரிசு யார்னு தெரியலைன்னா, அந்தக் கதையை சட்டப்படி மறுபடி அச்சடிக்க அனுமதி வாங்குறது ரொம்பக் கஷ்டம். அதாவது, உரிமை காலாவதி ஆகுறதுக்கு முன்னாடியே காகிதம் காலாவதி ஆயிடும். நம்ம பாஷையில் சொன்னா, ஒரே ஒரு காப்பி, பேக்கப் இல்லை, பாஸ்வேர்ட் வச்சிருந்தவரையும் காணோம்.

இதுக்கு நேர் எதிரான உதாரணம் புதுமைப்பித்தன். அவரை ஹாரர் எழுத்தாளர்னு யாரும் சொல்றதில்லை. ஆனா 'காஞ்சனை'யைப் படிச்சுப் பாருங்க. 1943-ல் அதே தலைப்பில் தொகுப்பும் வந்தது. தூக்கம் வராத ஒரு எழுத்தாளர், வீட்டுக்கு வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், ராத்திரியில் எங்கிருந்தோ வரும் ஒரு நாற்றம். கதை முடிஞ்ச பிறகும் நடந்தது என்னன்னு உறுதியா சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம்தான் பயமே. 'பிரம்மராக்ஷஸ்' இன்னொண்ணு. புதுமைப்பித்தன் 1948-ல் 42 வயசுல இறந்துட்டார். ஆனா இலக்கியவாதிகள் அவரை விடலை. திரும்பத் திரும்ப அச்சடிச்சாங்க, சண்டை போட்டாங்க, தொகுத்தாங்க. 2002-ல் அவர் எழுத்து நாட்டுடைமை ஆச்சு. இன்னைக்கு நீங்க போன்லயே இலவசமா படிக்கலாம். பி.டி. சாமிக்கு அப்படி ஒரு கூட்டம் அமையலை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஹெச். பி. லவ்கிராஃப்ட் 1937-ல் இறந்தப்போ, அவர் கதைகள் பெரும்பாலும் மலிவுப் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தது. பெரிய பதிப்பகம் எதுவும் தொகுக்க முன்வரலை. ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரே என்ற இரண்டு எழுத்தாளர்கள் 1939-ல் ஆர்க்கம் ஹவுஸ்னு ஒரு சின்ன பதிப்பகம் ஆரம்பிச்சு தாங்களே போட்டாங்க. முதல் புத்தகம் 1,268 பிரதிதான். இன்னைக்கு கேம், படம், டி-ஷர்ட்னு எல்லா இடத்திலும் இருக்கிற லவ்கிராஃப்ட், பெரிய அளவில் அந்த 1,268 பிரதி வழியா வந்தவர்.

நம்ம ஊர்லயும் அப்படி ஒரு முயற்சி நடந்திருக்கு. சென்னையில் இருக்கிற பிளாஃப்ட் பதிப்பகம். 2008-ல் தமிழ் பல்ப் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பு ஒண்ணு போட்டாங்க. தேர்வும் மொழிபெயர்ப்பும் பிரீதம் சக்ரவர்த்தி, பதிப்பாசிரியர் ராகேஷ் கன்னா. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், புஷ்பா தங்கதுரை, இந்திரா சௌந்தர்ராஜன்னு ஒரே அட்டைக்குள்ள. 2010-ல் வந்த இரண்டாம் தொகுதியில் இந்திரா சௌந்தர்ராஜனின் 'கோட்டைப்புரத்து வீடு' இருக்கு. ஒரு ஜமீன் பரம்பரையின் ஆண் வாரிசுகளைத் துரத்துகிற சாபம். 2020-ல் இந்தியப் பேய், பூதங்களுக்கு ஒரு கலைக்களஞ்சியமே போட்டாங்க.

இதுல ஒரு வேடிக்கை கவனிங்க. இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நம்ம ஆளுங்க நிறைய பேர் ராஜேஷ்குமாரை முதல்ல இங்கிலீஷ்லதான் படிச்சோம். நம்ம தெருமுனைக் கடையில் தொங்கின கதை, ஒரு சுற்று சுத்தி பெரிய புத்தகக்கடை வழியா நம்மகிட்ட வந்தது. கேலி பண்ணலை. அந்தச் சுற்று இல்லைன்னா அந்தக் கதை நமக்கு வந்தே இருக்காது.

போன மாசம் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருந்தேன். பழைய ஃபேன், மிக்ஸி மூடி, நாய்க்குட்டி, எல்லாத்துக்கும் நடுவுல தார்ப்பாய் மேல ஒரு புத்தகக் குவியல். பத்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் நாவல் எடுத்தேன். அட்டை இல்லை, முதல் நாலு பக்கம் இல்லை. ஒரு ரைஸ் மில் வாட்ச்மேன் ராத்திரி மூட்டை எண்ணுறார். ஒவ்வொரு நாளும் கணக்கில் ஒண்ணு கூடுதலா வருது. அவ்வளவுதான் கதை. ஆனா அந்தக் கூடுதல் மூட்டையைத் தொட்டுப் பார்க்கிற பக்கத்தில் எனக்கு நிஜமாவே கை சில்லுன்னு ஆயிடுச்சு. எழுதினது யார்? தெரியாது. பேர் இருந்த பக்கம்தான் போயிடுச்சே. எந்த சர்ச் இன்ஜினும் உதவலை. இவ்வளவு நல்லா எழுதின ஒரு மனுஷருக்கு நன்றி சொல்லக்கூட ஒரு பேர் இல்லை.

அதனால, புது ஹாரர் எழுத்தாளரை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேக்குறவங்களுக்கு என் பதில்: எழுத்தாளர் பேரைத் தேடாதீங்க, பதிப்பிக்கிறவங்களைத் தேடுங்க. ஒரு சின்ன பதிப்பகம் போட்ட ஒரு நல்ல புத்தகம் கிடைச்சா, கடைசிப் பக்கத்தில் இருக்கிற அவங்க மத்த வெளியீடுகள் பட்டியலைப் படிங்க. ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போனா பெரிய ஸ்டால் கூட்டத்தை விட்டுட்டு, ஒத்தை மேஜை போட்டிருக்கிற சின்ன ஸ்டால்ல நின்னு "பேய்க்கதை இருக்கா?"ன்னு நேரா கேளுங்க. ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' மாதிரி, பெரிய பேருக்குப் பின்னால் ஒளிஞ்சிருக்கிற பேய்க்கதைத் தொகுப்புகளையும் விடாதீங்க.

அப்புறம் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நம்ம தாம்பரத்திலிருந்து பைக்ல போயிடலாம். கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனி மனிதர் ஏறத்தாழ 1 லட்சம் நூல்கள், இதழ்கள் சேர்த்து வச்சிருந்தார். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் கூட விடலை. அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, ஊரை விட்டு வெளியே கொண்டு போகாம, 1994-ல் சென்னையிலேயே நூலகமா ஆக்கினது. எது குப்பை, எது இலக்கியம்னு முத்தையா அன்னைக்கே முடிவு பண்ணியிருந்தா, இன்னைக்குப் பாதி இருந்திருக்காது.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டுப் பரண்லயோ, பாட்டி வீட்டு ட்ரங்க் பெட்டியிலயோ ஒரு பழைய பாக்கெட் நாவல் இருக்கான்னு பாருங்க. இருந்தா நாலு விஷயம் குறிச்சுக்கோங்க: எழுத்தாளர் பேர், பதிப்பகம், வருஷம், விலை. அட்டையையும் முதல் பக்கத்தையும் போட்டோ எடுங்க. முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் பண்ணி குரூப்ல போடாதீங்க. அது வேற ஒருத்தர் சொத்து. பேர் மட்டும் போதும். வர்ற பேர்களை ஒரு ஷீட்ல போட்டு, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.

கதை எப்படி இருந்ததுன்னு ரெண்டு வரி எழுதினா இன்னும் சந்தோஷம். ராத்திரி தனியா இருக்கும்போது படிக்கலாமா வேண்டாமான்னு மட்டும் மறக்காம சொல்லிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.