கோழி பொரித்தது: கொல்லைப்புறக் கோழி வளர்ப்பும் தோட்டத் தமிழும்

 

இப்பொழிவுக்குக் கோழி வளர்ப்பைப் பொருளாக எடுத்துக்கொண்டேன் என்று சொன்னபோது நண்பர் ஒருவர், “மொழியியலை விட்டுவிட்டீர்களா?” என்று கேட்டார். விடவில்லை. நாற்பது ஆண்டு மொழியியல் படித்தும் நான் செய்யத் தவறிய ஒரு வேலையைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். அந்த வேலை என் தாயாரின் கோழிக்கூட்டருகே கிடந்தது.

சென்ற ஆண்டு தமிழ்ப்பள்ளி ஒன்றில் மாணவர்களோடு உரையாடும் வாய்ப்புக் கிடைத்தது. கரும்பலகையில் ‘கோழி பொரித்தது’ என்று எழுதி, இதற்குப் பொருள் என்ன என்று கேட்டேன். “பொரித்த கோழி!” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் தயங்கியபடி, “குஞ்சு வந்துச்சுன்னு பாட்டி சொல்வாங்க, சார்” என்றாள். முப்பது பேரில் அந்தப் பொருளை அறிந்தவள் அவள் ஒருத்தி. அவள் வீட்டில் மட்டுமே கோழி இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

மாணவர்கள் மீது குறையில்லை. அவர்கள் அறிந்த கோழி, சந்தையிலிருந்து நெகிழிப் பையில் வருவது. முட்டை, தட்டில் முப்பதாக அடுக்கப்பட்டு வருவது. இரண்டுக்கும் இடையில் நிகழ்வதை அவர்கள் கண்டதில்லை. காணாத ஒன்றுக்குச் சொல் எதற்கு? அதனால்தான் தேர்வுத்தாளிலும் ‘குஞ்சு பொறித்தது’ என்று வல்லின றகரம் இட்டு எழுதுகிறார்கள். பொறித்தல் கல்லில் எழுத்தை வெட்டுவது. பொரித்தல் ஓடு வெடித்து உயிர் வெளிவரச் செய்வது. ஓடு விரிசலிடுவதை ஒருமுறை கண்ட பிள்ளை இவ்விரண்டையும் எளிதில் குழப்பிக்கொள்ளாது.

நான் 1960களில் புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். லயத்து வீட்டின் பின்புறத்தில் அம்மா எப்போதும் ஐந்தாறு பெட்டைகளும் ஒரு சேவலும் வைத்திருந்தார். எங்கள் நாளின் இரு எல்லைகளையும் அவையே வகுத்தன. ‘கோழி கூப்பிடும் நேரம்’ என்றால் அம்மா எழுந்து பிரட்டுக்குப் புறப்பட வேண்டிய வேளை. ‘கோழி அடையும் நேரம்’ என்றால் நாங்கள் விளையாட்டை விட்டு வீடு திரும்ப வேண்டிய வேளை. கடிகாரம் தண்டல் வீட்டில் இருந்தது. எங்களுக்குக் கோழி இருந்தது.

அந்த முட்டைகளைப் பெரும்பாலும் நாங்கள் தின்றதில்லை. அவை விற்கப்பட்டுப் பள்ளிச் சீருடையாயின. தீபாவளிக்கு ஒரு சேவல், பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு பெட்டை என்று கணக்கு இருந்தது. பால்வெட்டுக் கூலி அப்பாவின் கைக்கும் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்துக்கும் போய்விடும். கோழிப்பணம் ஒன்றே அம்மாவின் சொந்தப் பணம். ஆகவே அவர் அந்த வேலையைக் கூர்மையாகக் கவனித்தார். கூர்மையாகக் கவனிக்கும் இடத்தில் சொற்கள் பெருகும்.

முதல் முட்டைக்கு முந்திய இளம்பெட்டை ‘வெடக்கோழி’. அகராதியில் அது விடைக்கோழி. முட்டையிடும் காலம் நெருங்கினால் அது இடம் தேடிக் குரல் கொடுத்தபடி அலையும். அதற்குக் ‘கேறுதல்’ என்று பெயர். முட்டையிட்ட பின் ஊருக்கு அறிவிப்பது கொக்கரித்தல். முட்டைகள் இட்டு முடித்து, கூட்டை விட்டு எழாமல் உடலைப் பரப்பி, கை வைத்தால் சிலிர்த்துக் கொத்த வருமானால் அது அடைக்கோழி. குஞ்சு வேண்டுமென்றால் அடைவைக்க வேண்டும். முட்டைதான் வேண்டுமென்றால் நீரில் முக்கி எடுத்து அடை தெளியவைக்க வேண்டும். அடைவைத்தும் கருக்கூடாமலோ கெட்டோ போனது கூமுட்டை. கூழ்முட்டை என்பதன் மருவு. இன்றைய பிள்ளைகள் இந்தச் சொல்லைத் திரைப்படங்களில் ஒரு வசையாக மட்டுமே அறிவார்கள்.

1980களில் தோட்டத் தமிழைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். ஒலிப்பதிவுக் கருவியோடு கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை தோட்டம் தோட்டமாக அலைந்தேன். மங்கு, உளி, ஒட்டுப்பால், கட்டிப்பால், வெட்டுக்காடு என்று தொழிற்சொற்களைத் திரட்டினேன். எந்தச் சொல் மலாயிலிருந்து வந்தது, எது ஆங்கிலத்திலிருந்து திரிந்தது என்று அட்டவணை இட்டேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முதியவர்களைப் பேட்டி கண்டபோது, அம்மா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கோழிக்கு இரை போடச் சென்றார். அந்த ஒலிநாடாக்களை இப்போது கேட்டால், முதியவர்களின் பேச்சுக்குப் பின்னால் அம்மா கோழிகளை அழைக்கும் குரல் கேட்கிறது. அதை அன்று இடையூறு என்று குறித்து வைத்தேன்.

கூலி தரும் வேலையே தொழில், அதன் சொற்களே தொழிற்சொற்கள் என்பது என் அன்றைய நினைப்பு. கொல்லைப்புறத்தில் பெண்கள் செய்த வேலை என் வகைப்பாட்டில் இடம்பெறவில்லை. அம்மா மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. செம்பனைக் காடுகளில் பல வீட்டுமனைகளாயின. லயங்கள் கலைந்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் நெருக்கமான வரிசை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். அங்கே கோழிக்கு இடமில்லை. நான் திரட்டிய உளியும் மங்கும் நூலிலாவது இருக்கின்றன. அம்மாவின் சொற்கள் எங்கும் இல்லை.

பணி ஓய்வு பெற்றபின் பாகான் நக்கோடா ஓமாரில் குடியேறினேன். பின்கட்டில் சிறிது நிலம் இருந்ததால் மூன்று பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கினேன். உண்மையைச் சொன்னால், முட்டைக்காக வாங்கவில்லை. அந்த வேலையைச் செய்தால் சொற்கள் திரும்பி வருமா என்று பார்க்கவே வாங்கினேன்.

முதல் அடை தோல்வி. பதினொரு முட்டை வைத்தேன், நான்கே பொரிந்தன. நான் செய்த பிழை இரண்டு. முட்டைகளை மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றுள் சில குளிர்பெட்டியில் இருந்தவை. ஒரு வாரத்துக்கு மேல் பழகிய முட்டையின் பொரிக்கும் திறன் நாளுக்கு நாள் குறையும் என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். பொரிந்த நான்கில் இரண்டை, பியாவாக் என்று நாம் சொல்லும் நீருடும்பு கொண்டுபோயிற்று.

இரண்டாம் முறை, பக்கத்தில் வசிக்கும் எண்பது வயது அம்மையார் ஒருவர் உதவிக்கு வந்தார். அவரும் பழைய தோட்டத்துக்காரர். கூட்டை எட்டிப் பார்த்தவர், “தம்பி, கேறுது பாருங்க. ரெண்டு மூணு நாள்ல வச்சிரும்” என்றார். நாற்பது ஆண்டுகளாக நான் யார் வாயிலும் கேட்டிராத சொல் அது. “அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றேன். “என்ன தம்பி, காது கேக்கலையா?” என்று சிரித்தார்.

அவர் சொன்னபடி சுங்கை பெசார் வயல் வைக்கோலைக் கூடையில் பரப்பி, மணல் இட்டு, ஒன்பது முட்டை வைத்தோம். இடி இடித்தால் கரு கெடும் என்று ஓர் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் ஓரத்தில் வைத்தார். இடிக்கும் கருவுக்கும் தொடர்பில்லை என்பது அறிவியல். நான் மறுக்கவில்லை, அந்த நம்பிக்கையோடு ஒட்டிக்கொண்டுதான் பல சொற்கள் வெளிவந்தன. ஏழாம் நாள் இரவு கைவிளக்கின் ஒளியில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தோம். கருக்கூடியதில் சிலந்தி வலைபோல் குருதி நரம்புகள் தெரிந்தன; ஒன்று தெளிவாக இருந்தது, அதை எடுத்துவிட்டோம். இருபதாம் நாள் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சின் குரல் கேட்டது. தாய் மெல்லிய ஒலியில் மறுமொழி தந்தது. இருபத்தொன்றாம் நாள் ஏழு குஞ்சுகள் பொரிந்தன. மஞ்சள் கருவின் மிச்சத்தைக் குஞ்சு பொரிவதற்குமுன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால், முதல் இரண்டு நாள் இரை இல்லாமலும் தாங்கும். ஆகவே தாயை அவசரப்படுத்தி எழுப்ப வேண்டியதில்லை என்பது அக்காவின் கட்டளை. அறிவியலும் அதையே சொல்கிறது.

இவற்றைக் கவிழ்த்து மூடும் கூடைக்கு மதுரைச் சீமையில் பஞ்சாரம் என்று பெயர். வேறு சில வட்டாரங்களில் கொடாப்பு. நம் தோட்டங்களில் பல ஊர் மக்கள் கலந்ததால் வெறும் ‘கோழிக்கூடை’ என்பதே நிலைத்தது. கோழிக் கொட்டகையை மலாய் வழக்கில் ‘ரெபான்’ என்பாரும் உண்டு. அண்டை வீட்டு மலாய்க்காரர் கூமுட்டையைத் ‘தெம்பெலாங்’ என்கிறார்; மறைத்த செய்தி அம்பலமானால் ‘தெம்பெலாங் உடைந்தது’ என்பது அவர்கள் மரபுத்தொடர். ஒரு முட்டையிட்டுக் கோழி ஊரைக் கூட்டும், ஆயிரம் முட்டையிட்டும் ஆமை வாய் திறவாது என்று அவர்களிடம் பழமொழியும் உண்டு. ‘கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா’ என்பது நம் பழமொழி. ஒரே பறவையை இரு சமூகத்தின் பெண்களும் உற்றுநோக்கியிருக்கிறார்கள்.

நோயின் பெயரிலும் இந்த உற்றுநோக்கல் தெரிகிறது. கொல்லைக் கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் நோய்க்கு உலகம் நியூகாசல் என்று இங்கிலாந்தின் ஊர்ப்பெயரை இட்டது. இந்தியாவில் அது இமயமலை ஊர் ஒன்றின் பெயரால் ராணிக்கெட். கண்டறிந்தவர்கள் எங்கே கண்டார்கள் என்பதைத்தான் இப்பெயர்கள் சொல்கின்றன. தமிழ்ச் சிற்றூரார் அதை ‘வெள்ளைக் கழிச்சல்’ என்றார்கள். கோழி வளர்ப்பவர் காலையில் கூட்டைத் திறந்ததும் பார்க்க வேண்டியது எது என்பதை இப்பெயர் சொல்லிவிடுகிறது. தடுப்பூசி உண்டு, கோழி வளர்க்க எண்ணுவோர் அதை மறக்க வேண்டா.

மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். சொற்கள் அழிவது இயற்கைதானே? ஆம். தொல்காப்பிய மரபியல், கோழிக்கும் கூகைக்கும் உரிய பெண்பாற்பெயராக ‘அளகு’ என்பதைக் கூறுகிறது. அச்சொல்லை இன்று பேச்சில் நாம் கேட்பதில்லை. இளமைப் பெயர்களாக அந்நூல் எண்ணும் ஒன்பதில் பார்ப்பும் பிள்ளையும் பறப்பனவற்றுக்கு உரியவை. குஞ்சு அந்த ஒன்பதில் இல்லை. பார்ப்பு மறைந்தது, பிள்ளை, கிளிப்பிள்ளையிலும் தென்னம்பிள்ளையிலும் தங்கியது, குஞ்சு அந்த இடத்துக்கு வந்தது. ஒரு சொல் போனபோது மற்றொன்று வந்து பொருளைத் தாங்கிக்கொண்டது. இன்று நடப்பது அதுவன்று. கேறுதல் போன இடத்துக்கு வேறு சொல் வரவில்லை. கோழியின் ஒலிகளை வேறுபடுத்திக் கேட்கும் செவியே போய்விட்டது.

தமிழ்நாட்டில் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி செய்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குச் செய்தார். வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வீட்டுச் சொற்களுக்கு அத்தகைய நூலை நாமே செய்ய வேண்டும். செய்வதற்குரிய தகுதி என்னைவிட உங்களுக்கு அதிகம். உங்கள் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. இடமுள்ள பள்ளிகள் ஓர் அடைக்கோழியை இருபத்தொரு நாள் வைத்துப் பாருங்கள். இடமில்லாத பள்ளிகள் சிறிய மின் அடைகாப்பானை வைக்கலாம்: வெப்பம் 37.5 பாகை, பதினெட்டாம் நாள் வரை நாளுக்கு மும்முறையாவது முட்டைகளைத் திருப்புதல், இறுதி மூன்று நாளில் ஈரப்பதத்தைக் கூட்டித் திருப்பாமல் விடுதல். பொரிந்த குஞ்சுகளை யார் வளர்ப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். உயிரைப் பாடக்கருவியாக்கி எறிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு நாளும் கண்டதை மாணவர்கள் ஒரு வரி எழுதட்டும். அந்த வரியை வீட்டில் பாட்டியிடமோ அத்தையிடமோ படித்துக் காட்டி, “இதை நீங்க எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்கட்டும். அறிவியல் பாடமும் தமிழ்ப் பாடமும் ஒரே கூடையில் அமையும்.

மாணவச் செல்வங்களே, கேட்கும்போது பாட்டி “இதெல்லாம் ஒரு பேச்சா?” என்பார். அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

என் கூட்டில் தாய்க்கோழி மண்ணைக் கிளறி இரை கண்டதும், குஞ்சுகளை அழைக்கத் தனியாக ஓர் ஒலி எழுப்புகிறது. அதற்கு அம்மா ஒரு சொல் வைத்திருந்தார். அவர் சொல்லிக் கேட்டது நினைவிருக்கிறது, சொல் நினைவில்லை. அக்காவிடம் கேட்டேன். “இருந்துச்சு தம்பி, வாயில வரமாட்டேங்குது” என்றார். ஒலிநாடாக்களையெல்லாம் மீண்டும் கேட்டுப் பார்த்தேன். அவற்றில் இல்லை. அன்று எழுந்துபோய் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். உங்களில் யார் வீட்டிலாவது அந்தச் சொல் இருக்கக்கூடும். இருந்தால் எழுதி வையுங்கள். எனக்கும் ஒரு வரி தெரிவியுங்கள்.