நாயின் பிறப்பைக் காட்டி சாதியைக் காப்பாற்ற முடியாது

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விலங்குகளின் நடத்தை குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். இதைச் சொன்னதும் சாதியை ஆதரிக்கும் சிலர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "நாயிலேயே ராட்வீலருக்கு ஒரு குணம், லாப்ரடாருக்கு ஒரு குணம் என்று இருக்கிறதே, மனிதனுக்கு மட்டும் பிறப்பால் குணம் வராதா?" மனித உரிமையைப் பற்றிப் பேச நாயைச் சாட்சிக்கு இழுப்பதே இழிவானது. இருந்தாலும் அவர்கள் கொண்டுவரும் அந்தச் சாட்சியை இன்று விசாரித்துப் பார்ப்போம். அது அவர்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது.

எந்த நாய் அதிகம் சீறும்? பெரும்பாலோர் பிட்புல், ராட்வீலர் என்றுதான் சொல்வோம். 2008இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30க்கும் மேற்பட்ட இனங்களின் உரிமையாளர்களிடம் விவரம் திரட்டினார்கள். மனிதர்கள் மீது பாய்வதில் முன்வரிசையில் இருந்தவை டேஷ்ஹண்ட், சிவாவா, ஜாக் ரஸ்ஸல் டெரியர். மூன்றும் முழங்கால் உயரம்கூட இல்லாதவை. பிட்புல்லிடம் அதிகம் தெரிந்தது மற்ற நாய்கள் மீதான மூர்க்கம். 2021இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகம் 9,000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்தபோதும், பெரிய நாய்களைவிடச் சிறியவையே மனிதர்களிடம் அதிகம் சீறுவது தெரிந்தது. அச்சம் மிகுந்த நாய்கள் மற்றவற்றைவிடப் பல மடங்கு சீறின என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

சிறிய நாய் ஏன் சீறுகிறது? அதன் உடலமைப்போடு தொடர்புடைய மரபுக் காரணங்களும் இருக்கலாம். ஆனால் நாம் நடத்தும் விதத்துக்கும் இதில் பங்குண்டு. பொமரேனியன் உறுமினால் "எவ்வளவு கோபம் பாரு" என்று சிரித்துக்கொண்டே தூக்கிக் கொஞ்சுகிறோம். உறுமல் என்பது 'என்னை விடு' என்ற எச்சரிக்கை. அதை யாரும் மதிக்காதபோது அடுத்த கட்டம் கடிதான். சிறிய நாய் வைத்திருப்பவர்கள் பயிற்சிக்குக் குறைவாகவே நேரம் ஒதுக்குகிறார்கள், ஒரு நாள் கண்டிப்பதை மறுநாள் அனுமதிக்கிறார்கள் என்று 2010இல் வியன்னாவில் வெளிவந்த ஆய்வு சொன்னது. இதே உறுமல் ராட்வீலரிடமிருந்து வந்தால் தெருவே கூடிவிடும். செயல் ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்குச் செல்லப் பெயர் கிடைக்கிறது, மற்றதற்குக் குற்றப் பெயர் கிடைக்கிறது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. பெரிய நாயின் கடி ஆளையே கொல்லும். தாடையின் வலுவும் உடல் எடையும் கற்பனை அல்ல. அதனால் பெரிய நாயை வளர்ப்பவருக்குக் கூடுதல் பொறுப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் மறுப்பது, கடியின் ஆழத்தை வைத்துப் பிறவிக் குணத்தைத் தீர்மானிப்பதை.

அந்தப் பிறவிக் குணம் எவ்வளவு? 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை விவரங்களையும், அவற்றில் சுமார் 2,000 நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டது. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. மந்தை மேய்ப்பது, எறிந்ததை எடுத்துவருவது போன்றவற்றில் மரபின் பங்கு கொஞ்சம் கூடுதல். எளிதில் சீண்டப்படும் குணத்தில் இனத்தின் பெயர் ஏறக்குறைய எதையுமே சொல்லவில்லை. குறிப்பிட்ட குணங்களுக்காக மனிதன் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய விலங்கின் கதையே இதுதான். மனித சாதிகளையோ யாரும் குணம் பார்த்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கவில்லை. அதிகாரம்தான் அவற்றைப் பிரித்து வைத்தது. சாதி பரம்பரையைக் காக்கிறது என்ற வாதத்தை அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் உடைத்துப் போட்டுவிட்டார்.

தூய ரத்தம் என்ற பெருமையின் வரலாற்றையும் பாருங்கள். லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873இல். பதிவேட்டில் உள்ள நாய்கள் தங்களுக்குள் மட்டுமே கூட வேண்டும் என்ற ஏற்பாடு அதன்பின் வலுப்பெற்றது. இன்று பக் நாய் மூச்சுவிடத் திணறுகிறது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு நோய். டால்மேஷியன் இனம் முழுவதையும் பிடித்த யூரிக் அமிலக் கோளாறைத் தீர்க்க, 1973இல் ஒரு பாயின்டர் நாயோடு கலக்க வேண்டியிருந்தது. நோய் தந்தது அகமணம், மருந்து தந்தது கலப்பு. சாதியின் உயிர்நாடி அகமணம் என்று 1916இலேயே அம்பேத்கர் எழுதியதைப் படித்த நமக்கு இது அந்நியமான செய்தி அல்ல.

இனி நம் தெருவுக்கு வருவோம். நம் ஊர் நாட்டு நாய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'பரையா டாக்'. பறையர் மக்களின் பெயரை எடுத்து, யாருக்கும் வேண்டாத நாய்க்குச் சூட்டினார்கள். அந்தப் பெயர் இன்னும் ஆங்கிலப் புத்தகங்களில் கிடக்கிறது. ஆனால் இதற்கான மனநிலையை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவரவில்லை. சண்டாளருக்கு நாயும் கழுதையும்தான் செல்வம் என்று மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் ஏற்கெனவே விதித்திருந்தது. ஒரு நாயின் நற்பெயரும் கெட்டபெயரும் அதன் பல்லிலிருந்து மட்டும் வருவதில்லை. அதன் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதிலிருந்தும் வருகிறது.

கடைசியாக, சட்டம். 2024 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்று ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவிலேயே தங்கி வேலை செய்த காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. மீண்டும் இனத்தடைப் பேச்சு எழுந்தது. நெதர்லாந்து 1993இல் பிட்புல்லைத் தடை செய்து, கடிகள் குறையவில்லை என்று 2008இல் அதைக் கைவிட்டது. அந்தப் படிப்பினை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

நாய் வாங்கியவரிடம் பணம் இருந்தது. கடிபட்ட குழந்தைக்கு வீடே அந்தப் பூங்காதான். தூய்மைப் பணியாளர், தபால்காரர், வீட்டுவேலைக்குப் போகும் அக்கா, உணவு கொண்டுவரும் இளைஞர், இவர்கள்தான் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள். 'இனம் சரியில்லை' என்று சொல்லும்போது, கயிறு கட்டாத, வாய்மூடி போடாத, உரிமம் வாங்காத உரிமையாளர் பேச்சிலிருந்தே நழுவிவிடுகிறார்.

எனவே நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. எந்த இனமானாலும் உரிமம் வேண்டும். பொது இடத்தில் கயிறு வேண்டும். கடித்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் உரிமையாளரின் பொறுப்பாக வேண்டும். வீட்டுவேலைக்கு வரும் பெண்ணின் கெண்டைக்காலைப் பொமரேனியன் கவ்வினாலும் அது கடிதான், வேடிக்கை அல்ல. பிறப்பைப் பார்க்காதே, செய்ததைப் பார், செய்ய விட்டவரைப் பார். நாய் விஷயத்தில்கூட இதுதான் நியாயம் என்றால், மனிதரைப் பிறப்பால் அளப்பவர்களுக்கு இனி எந்தச் சாட்சியும் மிச்சமில்லை.