நம் மீதே சாட்சி



கரிசல் காடு வெடித்துக் கிடக்கும் இந்த நாட்களில், கோவில்பட்டிப் பக்கத்துப் பங்குகளில் எல்லாரும் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவுக்கு ஆயத்தமாகிறோம். திருவிழா ஆகஸ்ட் 15. அதற்கு ஐந்து நாள் முன்னால், ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம்.

1950-ல் அந்த நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. பிறகு 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியேதான். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஒரு தாய், பிள்ளைக்குக் கோயிலில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பெயரும் கொடுப்பது இதனால்தான். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஒருவருக்கு, அவர் கிறிஸ்தவர் என்பதால், அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்வதற்கு ஆதாரம் போதாது என்று 1985-ல் தீர்ப்பு வந்தது.

ஆதாரமா? அது நம் ஊர்களில் கிடக்கிறதே! ஒரே பங்கில் இரண்டு கல்லறைத் தோட்டம். ஒரு தெருமுனையோடு திரும்பிவிடும் சப்பரம். வாரம் முழுக்க ஒரே ஆபீசில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள், செத்தால் தனித்தனி இடத்தில் படுக்கிறார்கள். எங்களுக்குள்ளும் சாதிக் கொடுமை உண்டு என்று அரசுக்கு மனுக் கொடுக்கும்போது, நாம் நம் மீதே சாட்சி சொல்கிறோம். மனு நியாயமானதுதான். கொடுமைப்பட்டவரும் கொடுமை செய்தவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுகிறோமே, அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

நமக்குத் தெற்கே வடக்கன்குளத்தில், 1872-ல் கட்டிய கோயிலில், ஒரு சாதியார் மற்றவரைப் பார்க்காமல் பூசை காண உள்ளேயே சுவர் வைத்திருந்தார்கள். பீடம் மட்டும் ஒன்று! 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். சுவர் எங்கள் உரிமை என்று சிலர் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. இடிக்கச் சொல்லி எந்த அரசும் அவருக்கு ஆணை அனுப்பவில்லை.

அமெரிக்காவிலும் இப்படித்தான். கறுப்பருக்குத் தனிப் பள்ளி கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 1954-ல். செயின்ட் லூயிஸ் பேராயர் ரிட்டர் தம் மறைமாவட்டப் பள்ளிகளில் 1947-லேயே அந்தப் பிரிவை எடுத்துவிட்டார். எதிர்த்து வழக்குத் தொடரக் கிளம்பிய பெற்றோரிடம், தொடர்ந்தால் திருச்சபையிலிருந்து விலக்கம் என்று எச்சரித்தார்.

1950 ஆணையை மாற்ற நாடாளுமன்றத்தைத்தான் கேட்க வேண்டும், கேட்போம். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு யாரைக் கேட்க வேண்டும்? இந்த ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்துத் தாள் நம் பங்குக்கு வரும்போது, சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்வோம்.