முறுக்கு டின்னும் போலீஸ் கம்ப்யூட்டரும்

(‘குற்றத்தை முன்கூட்டியே கணிக்கும் வேலையைக் காவல்துறை கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாமா, கூடாதா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘கூடாது’ என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! நல்லதைச் சொல்ல வந்திருக்கிற என் அணி நண்பர்களே! நல்லதுன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்ற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)  

எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தலைவர் அம்மா அழகா ஒரு வாதம் வச்சாங்க. “நாளைக்கு மழைன்னு வானிலை அறிக்கை சொன்னா குடை எடுத்துட்டுப் போறோம். நாளைக்கு இந்தத் தெருவிலே திருட்டுன்னு கம்ப்யூட்டர் சொன்னா போலீஸ் போய் நிக்கட்டுமே, என்ன தப்பு?”ன்னு கேட்டாங்க. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லாப் பேசினா தட்டணும்.

ஆனா அம்மா, ஒரு வித்தியாசம் இருக்கு. மழை வரும்னு அறிக்கை சொன்னதுக்காக மேகத்தை யாரும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதில்லை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) இன்னொரு வித்தியாசமும் இருக்கு. நீங்க குடை எடுத்துட்டுப் போறதாலே மழை கூடாது. போலீஸ் போற இடத்திலே வழக்கு கூடும். அது எப்படின்னு சொல்றேன், கேளுங்க.

அமெரிக்காவிலே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். அங்கே ‘பிரெட்போல்’ என்று ஒரு ஏற்பாடு இருந்தது. நிலநடுக்கம் வந்தா பின்னாலேயே சின்னச் சின்ன அதிர்வு வருமில்லையா? அதைக் கணக்கிடுகிற கணிதத்தை எடுத்து, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் திருட்டுக்குப் பொருத்தினார்கள். என்ன குற்றம், எந்த இடம், எந்த நேரம் என்ற மூணையும் உள்ளே கொடுத்தா, ஊர்ப் படத்திலே 500 அடிக்கு 500 அடி கட்டம் போட்டு, “இன்னைக்கு இங்கே நில்லு”ன்னு போலீசுக்குச் சொல்லும். இதைத்தான் அல்காரிதம் என்கிறார்கள். நம்ம பாஷையிலே சொன்னா, கணக்குப் போடுகிற முறை.

அடிப்படையிலே உண்மை இல்லாமலில்லை. ஒரு வீட்டிலே திருடினவன் சில நாளிலே பக்கத்து வீட்டுக்கும் வருவான். இந்த ஏற்பாட்டாலே குற்றம் சுமார் 7 சதவீதம் குறைஞ்சதுன்னு அதை உருவாக்கியவர்களே 2015-இல் ஒரு ஆய்வு எழுதினார்கள். எதிரணி நண்பர் அதைத்தான் இங்கே எடுத்துச் சொன்னார். மறுக்கலை. ஆனா கணக்கு சரியா இருந்தா போதுமா? கணக்குக்குள்ளே போகிற விவரம் சரியா இருக்கணுமே!

ஒரு வீட்டிலே ரெண்டு பசங்க. முறுக்கு டின் காலியாகுது. சின்னவன் ஒரு தடவை கையும் முறுக்குமா மாட்டிக்கிட்டான். அன்னையிலேர்ந்து டின் குறைஞ்சா அம்மா நேரா சின்னவன் டிரவுசர் பையைத்தான் பார்க்கிறாங்க. பத்து தடவை பார்த்தா மூணு தடவை முறுக்குத் தூள் இருக்கு. காலண்டர்லே குறிச்சு வைக்கிறாங்க: சின்னவன், சின்னவன், சின்னவன். பெரியவன் பையை யாராவது பார்த்தாங்களா? பார்க்கலை. அதனாலே காலண்டர்லே அவன் பேரே இல்லை. அவன் புஸ்தகப் பைக்குள்ளே அரை டின் முறுக்கு இருக்கு! (சிரிப்பு) இப்போ அந்தக் காலண்டரைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, “நாளைக்கு முறுக்கு எடுக்கப் போறது யாரு?”ன்னு கேட்டா என்ன சொல்லும்?

(அவையினர்: சின்னவன்!)

(நடுவர்: ஐயா, எங்க வீட்டிலே அந்தச் சின்னவன் நான்தான்!)

அப்படின்னா நீங்க ஏற்கெனவே எங்க அணிதான் நடுவர் அவர்களே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

கம்ப்யூட்டர் பொய் சொல்லலைங்க. காலண்டர்லே இருக்கிறதைத்தான் சொல்லுது. ஆனா காலண்டர்லே இருக்கிறது யார் முறுக்கு எடுத்தாங்கங்கிற கணக்கு இல்லை. அம்மா யார் பையைப் பார்த்தாங்கங்கிற கணக்கு! கம்ப்யூட்டர் சொன்னதாலே நாளைக்கும் சின்னவன் பையைத்தான் பார்ப்பாங்க. இன்னும் நாலு தூள் கிடைக்கும். “பார்த்தியா, மெஷின் சொன்னது சரி”ம்பாங்க.

இது கதைன்னு நினைக்காதீங்க. ஓக்லண்ட் என்ற அமெரிக்க நகரத்துப் பழைய போதைப்பொருள் வழக்குகளை இதே மாதிரி கணக்கிலே போட்டு, ரெண்டு ஆய்வாளர்கள் 2016-இல் சோதிச்சுப் பார்த்தார்கள். அந்த ஊரிலே கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவிலேதான் போதைப்பொருள் பயன்படுத்துகிறார்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஆனா கணக்கு போலீசை அனுப்பச் சொன்ன இடங்களைப் பார்த்தா, வெள்ளையரைப் போல ரெண்டு மடங்கு கறுப்பர்கள் மேலே பார்வை விழுந்தது. காரணம்? பழைய வழக்கெல்லாம் அந்தத் தெருக்களிலேதான் எழுதப்பட்டிருந்தது.

சரி, அநியாயமாவே இருக்கட்டும், பலனாவது உண்டா? நியூஜெர்சி மாநிலத்திலே பிளெயின்ஃபீல்ட் என்று ஒரு ஊர். அந்த ஊர் போலீசுக்கு 2018-இல் இதே நிறுவனத்தின் மென்பொருள் கொடுத்த 23,631 கணிப்புகளைப் பத்திரிகைக்காரர்கள் பிற்பாடு சரிபார்த்தார்கள். பலிச்சது எத்தனை தெரியுமா? நூறுகூட இல்லை! அரை சதவீதத்துக்கும் கீழே! நம்ம ஊர்க் கிளி ஜோசியர் இதைக் கேட்டா, “என் கிளிக்கு நெல்லு மட்டும்தான் செலவு”ன்னு சொல்லுவார். (சிரிப்பு, கைதட்டல்)

இதுவரைக்கும் இடத்தைச் சொன்ன கம்ப்யூட்டர். அடுத்தது ஆளையே சொன்ன கம்ப்யூட்டர்.

சிகாகோ நகரப் போலீஸ், யார் சுடுவார்கள், யார் சுடப்படுவார்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. 2013-லே சுமார் 400 பேர். பிற்பாடு அது ஏறக்குறைய நாலு லட்சம் பேருக்கு மதிப்பெண் போடுகிற அளவுக்கு வளர்ந்தது. பரீட்சைக்கு நூறு மார்க். இதுக்கு ஐந்நூறு மார்க். கைதாகி, குற்றம் நிரூபிக்கப்படாம வெளியே வந்தவருக்கும் அந்தக் கைது கணக்கிலே ஏறும். துப்பாக்கியாலே சுடப்பட்டு ஆஸ்பத்திரியிலே கிடந்தவருக்கும் மார்க் ஏறும். அடி வாங்கினவனுக்கும் மார்க், அடிச்சவனுக்கும் மார்க்!

அந்தப் பட்டியலிலே இருந்த ஒரு இளைஞர் வீட்டுக்குப் போலீஸ் போனது. அவர் மேலே வன்முறை வழக்கு எதுவும் கிடையாது. “நீ சுடுவே, இல்லேன்னா சுடப்படுவே. எதுன்னு தெரியாது. உன்னைக் கவனிச்சுக்கிட்டிருப்போம்”னு சொல்லிட்டு வந்தார்கள். தெருவிலே பார்த்தவங்க என்ன நினைச்சாங்க? “போலீஸ் இவனைத் தேடி வந்து பேசிட்டுப் போகுதே, இவன் நம்மளைக் காட்டிக் கொடுக்கிறவனோ?” அந்தச் சந்தேகத்தாலேதான் பிற்பாடு ரெண்டு தடவை தன்னைச் சுட்டார்கள் என்று அவரே பத்திரிகையிலே சொன்னார். உயிர் பிழைச்சார். ஜோசியம் பலிச்சதுங்க. ஆனா பலிக்க வச்சது யாரு? (அமைதி)

அந்தப் பட்டியலை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2016-இல் ஆராய்ந்தது. பட்டியலிலே இருந்தவங்க சுடப்படுவது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கைது செய்யப்படுவது மட்டும் கூடியிருந்தது. 2019-இல் சிகாகோ போலீஸ் அதை இழுத்து மூடியது.

அது அமெரிக்கா, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். டெல்லிப் போலீஸும் ‘சி-மாப்ஸ்’ என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. 100-க்கு வருகிற போன் அழைப்புதான் அதுக்குத் தீனி. குடிசையிலே புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா 100-க்கு போன் போகும். பங்களாவிலே சண்டைன்னா ஜன்னலைச் சாத்திட்டு ஏ.சி.யைப் போட்டுக்குவாங்க. (சிரிப்பு) கம்ப்யூட்டர் கண்ணுக்கு எது குற்றம் நடக்கிற இடமாத் தெரியும்?

இந்தப் பட்டியல் வியாதி புதுசா என்ன? சிலப்பதிகாரத்துக்குப் போவோம். மதுரைக் காவலர்கள் கோவலனை நேரிலே பார்க்கிறார்கள். பார்த்ததும் தயங்குகிறார்கள். இந்த முகம் திருடன் முகமாத் தெரியலையேன்னு. பொற்கொல்லன் சிரிக்கிறான். களவு நூல் என்ன சொல்லுது தெரியுமான்னு ஆரம்பிச்சு, திருடர்கள் கையாளுகிற எட்டு வழிகளை அடுக்குகிறான். அதிலே மந்திரம் இருக்கு, மருந்து இருக்கு. இடம் இருக்கு, காலம் இருக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த அதே இடம், காலம்! (கைதட்டல்) கடைசியிலே காவலர் கண்ணாலே பார்த்தது தோத்தது, பொற்கொல்லன் பட்டியல் ஜெயிச்சது. ஒருவன் வாளை வீசினான்.

தப்புன்னு தெரிஞ்சதும் பாண்டியன் உயிரை விட்டான். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணினா எதை விடும்? ‘அப்டேட்’ விடும்! (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

காப்பியம் வேண்டாம், கண்ணீரோடு நடந்த சரித்திரத்தைச் சொல்றேன். 1871-லே வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தான். 1911-லே அது சென்னை மாகாணத்துக்கு வந்தது. இந்தச் சாதியிலே பிறந்தியா, நீ திருடுவே, கைரேகை வை, ராத்திரியானா போலீஸ் கண்காணிப்பிலே வந்து படு என்றார்கள். ஒரு குற்றமும் செய்யாத மனுஷன் மேலே குற்றத்தைக் கணித்த சட்டம் அது. கம்ப்யூட்டர் இல்லாத அல்காரிதம்! 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிப் பக்கத்திலே பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மாட்டோம்னு நின்னார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்மணி உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 1947-லே இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது. 1952-லே நாடு முழுக்க ஒழிந்தது. அந்த மக்கள் ரத்தம் சிந்தி வாசல் வழியா விரட்டின பேயை, கம்ப்யூட்டர் என்ற ஜன்னல் வழியாக் கூப்பிடலாமா? (கைதட்டல்)

பட்டவங்க விழிச்சுக்கிட்டாங்க. இந்த முறையை முதல்லே வாங்கிச் சோதிச்ச ஊர்களிலே ஒன்றான சாந்தா குரூஸ், 2020-இல் அதைத் தடை செய்தது. ஒருவருடைய குணாதிசய விவரங்களை மட்டும் வைத்து இவர் குற்றம் செய்வார் என்று கணிப்பதை, ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2025 பிப்ரவரி முதல் தடுத்திருக்கிறது.

நாங்க கம்ப்யூட்டருக்கு எதிரியில்லை. திருட்டு நடந்த பிறகு கேமரா படத்தைப் பாருங்க, ரேகையை ஒப்பிடுங்க, பழைய வழக்குக் கட்டைத் தேடுங்க. வேண்டாங்கலை. நடந்த குற்றத்துக்கு ஆளைத் தேடுங்க. ஆளைப் பார்த்து நடக்காத குற்றத்தைத் தேடாதீங்க. ஒரு தெருவிலே திருட்டு அதிகம்னு கணக்கு சொல்லுதா? அங்கே முதல்லே ஒரு தெருவிளக்கைப் போடுங்க. விளக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் கொடுக்கும், யாரையும் சந்தேகப்படாது.

நாளைக்கு ஒரு பையன் என்ன செய்வான்னு எந்தக் கணக்குக்கும் தெரியாது. ஏன்னா அந்தப் பையன் இன்னும் முடிவு பண்ணலை. நல்லவனாக முடிவு பண்றதுக்கு அவனுக்கு இருக்கிற உரிமையை மெஷின்கிட்டே கொடுத்துடாதீங்கன்னு கேட்டு, குற்றத்தைக் கணிக்கிற வேலையைக் காவல்துறை கம்ப்யூட்டரிடம் கொடுக்கவே கூடாது என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கூறி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)