மீட்டுத் தரும் பிரதி



காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை அலுமாரியின் உள்ளறையில் வைத்துப் பூட்டுவது நம்மவர் வழக்கம். இற்றை நாளில் அந்த அலுமாரிக்கு ஒரு துணை ஏற்பட்டிருக்கிறது. அதுதான் மேசைமீது இருக்கும் கணினி. பிள்ளைகளின் படங்கள், கடல் கடந்து வாழும் உறவினர் எழுதிய கடிதங்கள், உறுதிகளின் படப்பிரதிகள், உயர்தரப் பரீட்சைக்கென மாணவன் ஒருவன் இரண்டாண்டு காலம் தொகுத்த குறிப்புகள் ஆகிய யாவும் அதனுள்ளே ஒரே தட்டில் குடியிருக்கின்றன. அலுமாரிக்குப் பூட்டுப் போடும் நாம் இந்தத் தட்டுக்கு என்ன காவல் செய்திருக்கிறோம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வன்தட்டு என்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் ஒரு நுண்பொறி. அதன் பரப்பைத் தொடாமல், மயிரிழையிலும் மிகச் சிறிய இடைவெளியில், வாசிக்கும் முனை மிதந்து செல்கிறது. ஒருமுறை கீழே விழுந்தால் அந்த இடைவெளி இல்லாமற் போகலாம். புதிதாக வந்துள்ள திண்மநிலைத் தட்டுகளில் சுழலும் பாகம் எதுவுமில்லை. எனினும் அவற்றுள் சில எவ்வித முன்னறிகுறியுமின்றி ஒரே கணத்தில் ஊமையாகிவிடுகின்றன. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட சித்திரை, ஐப்பசி மாதங்களில் நம் நாட்டில் இடிமின்னல் மிகுதி என்பதையும் நேயர்கள் அறிவீர்கள். எந்தத் தட்டுக்கும் ஆயுள் உண்டு. அது முடியும் நாளை முன்கூட்டியே சொல்லவல்லார் எவருமிலர்.

ஆதலின் பிரதி எடுத்துவைத்தல் வேண்டும். அதற்கு இரு வழிகள் உள. கோப்புகளை மாத்திரம் வேறோர் இடத்திற் பிரதி செய்துகொள்வது ஒன்று. தட்டு முழுவதையும் உள்ளது உள்ளபடியே ஒரு விம்பமாக எடுத்துவைப்பது மற்றொன்று. முன்னையது வீட்டுச் சாமான்களை மட்டும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது போன்றது. பின்னையதோ வீட்டையே அத்திவாரத்தோடு பெயர்த்து வைப்பது போன்றது. விம்பத்தினுள் நம் கோப்புகள் மட்டுமல்லாமல், கணினியை இயக்கும் பணிசெயல் முறைமை, நாம் நிறுவிய மென்பொருள்கள், தமிழ் எழுத்துருக்கள், அச்சுப்பொறிக்கான அமைப்புகள், கணினி விழித்தெழுவதற்கான ஆரம்பக் கட்டளைகள் ஆகிய யாவும் அடங்கிவிடும். தட்டு இறந்துபட்டால் புதிய தட்டொன்றை வாங்கிப் பொருத்தி விம்பத்தை அதில் இறக்கினால், சில மணி நேரத்தில் கணினி பழைய நிலையிலேயே எழுந்து நிற்கும்.

இந்தக் கலையை வீட்டுக் கணினிகளிடையே பரப்பியவற்றுள் முதன்மையானது 'கோஸ்ட்' என்னும் மென்பொருள். நியூசிலாந்தில் மறே ஹசார்ட் என்பவர் 1995ஆம் ஆண்டில் அதனை ஆக்கினார். 1998இல் சிமன்டெக் என்னும் நிறுவனம் அதனை வாங்கி, நோர்ட்டன் கோஸ்ட் என்ற பெயரில் உலகெங்கும் விற்றது. அத்துணைப் புகழ் பெற்ற அந்த மென்பொருளின் விற்பனையும் 2013இல் நிறுத்தப்பட்டது. மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு என்னும் இவ்வுண்மையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

விலை கொடுக்காமல் கிடைக்கும் விம்ப மென்பொருள்கள் இன்று பல. 'இலவசம்' என்ற ஒரே சொல்லால் அவற்றை நாம் குறித்தாலும், அவை மூவகைப்படும்.

முதல் வகை, பணிசெயல் முறைமையுடன் கூடவே வருவது. மைக்ரோசொப்ட் விண்டோசில் முறைமை விம்பம் எடுக்கும் வசதி விண்டோஸ் 7 காலந்தொட்டுப் பலராலும் பயன்படுத்தப்பட்டது. ஆயினும் 2017ஆம் ஆண்டில் அதனை இனி வளர்ப்பதில்லை என அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. அவசரத்துக்கு அது உதவலாம். புதிதாகத் தொடங்குவோர் அதனை நம்பித் தொடங்குதல் பொருந்தாது.

இரண்டாம் வகை, வணிக நிறுவனங்கள் தம் விற்பனைப் பண்டத்தின் ஒரு பகுதியை இலவசமாக வழங்குவது. மக்ரியம் ரிப்லெக்ட் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பு பல ஆண்டுகளாக எல்லோராலும் பாராட்டப்பட்டு வந்தது. அந்நிறுவனம் அப்பதிப்பை ஓய்வுபெறச் செய்தது. 2024 ஜனவரி 1ஆம் திகதியோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் முடிவுற்றன. விற்பவர் தாம் விரும்பி ஈந்ததைத் தாமே நிறுத்துதல் அவர் உரிமை. அதிற் குறைகூற இடமில்லை. ஆனால் நமக்கு ஒரு பாடம் உண்டு. இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் தமக்கே உரிய வடிவத்தில் விம்பத்தை எழுதுகின்றன. பெட்டி நம்முடையது, திறப்பு அவர்களுடையது. இவ்வகையில் இன்று கிடைப்பவற்றுள் குறிப்பிடத்தக்கது வீம் நிறுவனம் விண்டோஸ் கணினிகளுக்காக வழங்கும் இலவச முகவர் மென்பொருள். கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே அது முழு விம்பம் எடுக்கும். அதன்பின் நாள்தோறும் மாற்றமடைந்த பகுதியை மாத்திரம் சேர்த்துக்கொள்ளும். விம்பத்தினுள்ளிருந்து தனியொரு கோப்பையும் எடுத்துத் தரும்.

மூன்றாம் வகை, மூலநிரலையே உலகுக்குத் திறந்துவைத்த கட்டற்ற மென்பொருள். தைவான் நாட்டிலிருந்து வரும் குளோன்சில்லா இவ்வகையைச் சேர்ந்தது. பென் டிரைவ் ஒன்றில் அதனைப் பதிந்து, அதிலிருந்தே கணினியைத் தொடக்கிப் பயன்படுத்தல் வேண்டும். தட்டில் வெறுமையாய்க் கிடக்கும் இடத்தை விட்டு, நிரம்பிய பகுதியை மட்டுமே அது எடுத்துச் சுருக்கி எழுதும். இதன் நிரல் எல்லோர்க்கும் பொதுவாகையால், ஒருவர் கைவிட்டாலும் வேறொருவர் எடுத்து நடத்தலாம். பழைய பதிப்பொன்றை நாம் வைத்திருந்தாலும் அது நம் பழைய விம்பங்களைத் திறந்து தரும். குறைகளும் இல்லாமலில்லை. கணினியில் வேலை செய்துகொண்டே விம்பம் எடுக்க இயலாது. மாறிய பகுதியை மட்டும் சேர்க்கும் வசதி அதில் இல்லை; ஒவ்வொரு முறையும் முழு விம்பமே எடுத்தல் வேண்டும். புதிய தட்டு பழைய தட்டின் அளவினதாகவோ அதனிற் பெரியதாகவோ இருத்தல் வேண்டும். அதன் திரையோ எழுத்துகளால் நிறைந்து புதியவரை மருட்டும். அவ்வாறு மருளுவோர்க்கு ரெஸ்கியூசில்லா என்னும் மென்பொருள் உளது. அதுவும் கட்டற்றதே, சுட்டியால் அழுத்தி எளிதில் நடத்தலாம், குளோன்சில்லா எடுத்த விம்பங்களையும் அது ஏற்றுக்கொள்ளும்.

இவற்றுள் எதைத் தேர்வது? தெரிவு செய்வோரிற் பலர், எது விரைவானது, எது அழகிய திரையுடையது, எது சிறிய விம்பம் தருவது என்றே வினவுகின்றனர். நான் முதலில் வினவுவது வேறு. கணினி முற்றாக இறந்துபோன நாளில், இந்த மென்பொருள் என் பொருளை எவ்வாறு திருப்பித் தரும்?

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒழுங்குக்குப் பெயர் பெற்றவர். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலையில் வெளித்தட்டை இணைத்து விம்பம் எடுப்பார். ஒரு நாள் கணினியின் தட்டு செயலற்றது. விம்பம் கையிலே இருந்தது. ஆனால் அதனை இறக்குவதற்கு வேண்டிய மீட்பு ஊடகத்தை அவர் ஆக்கி வைத்திருக்கவில்லை. மகளின் கணினியில் இணைத்துப் பார்த்தபோது அந்தக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் அங்கு இல்லை. தேடியபோது, அவர் பயன்படுத்திய இலவசப் பதிப்பு விநியோகத்திலேயே இல்லை. மறைந்த மனைவியாரின் படங்கள் அனைத்தும் அந்த ஒரு கோப்பினுள்ளே கிடந்தன. இரண்டு வாரத்தின் பின், விலைப் பதிப்பின் பரீட்சார்த்தப் பிரதியொன்றைக் கொண்டு இளைஞர் ஒருவர் அவற்றை மீட்டுக் கொடுத்தார். அந்த இரண்டு வாரமும் அம்மனிதர் உறங்கியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே மென்பொருளை நிறுவிய அன்றே மீட்பு ஊடகத்தைத் தனியொரு பென் டிரைவில் ஆக்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்து கணினியைத் தொடக்கிப் பாருங்கள். வெளித்தட்டும் அதிலுள்ள விம்பமும் அதன் கண்ணுக்குத் தெரிகின்றனவா என நோக்குங்கள். விம்பத்தினுள்ளிருந்து ஒரு படத்தையேனும் எடுத்துத் திறந்து பாருங்கள். மேலதிகத் தட்டு ஒன்று இருப்பின், அதில் முழு விம்பத்தையும் இறக்கிப் பார்த்தல் மிகச் சிறந்த சோதனையாகும். இச்சோதனையில் தேறாத மென்பொருள் எத்துணை அழகியதாயினும் வேண்டா.

மேலும் சில எச்சரிக்கைகள் கூறுதல் என் கடன். புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் தட்டின் உள்ளடக்கம் பிட்லொக்கர் என்னும் முறையாற் குறியாக்கப்பட்டுள்ளது. அதற்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் உண்டு. அதனைத் தாளில் எழுதி வங்கிப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிடின் கணினிக்கு உரியவரே வாயிலில் நிற்க நேரலாம். விம்பத்தை இறக்கும்போது எந்தத் தட்டிலிருந்து எந்தத் தட்டுக்கு என்பதை ஒன்றுக்கு இருமுறை வாசித்த பின்னரே சம்மதம் கொடுங்கள். திசை மாறினால், காக்க வேண்டிய தட்டே அழிக்கப்பட்டுவிடும். விண்டோஸ் 10 முறைமைக்கான இலவசப் பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுற்றது. புதிய முறைமைக்கு மாற எண்ணுவோர் மாறுவதற்கு முன்பே ஒரு முழு விம்பம் எடுத்துக்கொள்வது அறிவுடைமை.

வெளித்தட்டை எந்நேரமும் கணினியோடு இணைத்து வைத்தலும் தகாது. 2017 மே மாதத்தில் வனாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்குப் பணம் கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகளும் அதற்குத் தப்பவில்லை. இத்தகைய நிரல்கள் கணினியோடு இணைந்திருக்கும் தட்டையும் விட்டுவைப்பதில்லை. வேலை முடிந்ததும் தட்டைக் கழற்றி வேறாக வையுங்கள். இரண்டாம் பிரதி ஒன்று உறவினர் வீட்டிலோ வேறோர் ஊரிலோ இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி நம் கரைகளிற் கடல் ஏறியபோது, எத்தனை குடும்பங்களின் உறுதிகளும் சான்றிதழ்களும் திருமணப் படங்களும் வீட்டோடு சேர்ந்து போயின என்பதை நாம் மறக்கலாகாது. ஒரே கூரையின்கீழ் இருக்கும் இரு பிரதிகள் வெள்ளத்துக்கும் தீக்கும் ஒரு பிரதியே.

என் அபிப்பிராயத்தைச் சுருக்கிக் கூறுகிறேன். விண்டோஸ் கணினியில் நாள்தோறும் வேலை செய்வோர், நாளாந்தப் பிரதிக்கு வீம் போன்றதொரு மென்பொருளைக் கொள்ளலாம். அத்தோடு மாதம் ஒருமுறையேனும் ரெஸ்கியூசில்லாவினால் ஒரு முழு விம்பம் எடுத்து வேறொரு தட்டில் வைத்தல் நன்று. முன்னையதன் இலவசம் ஒரு நாள் நின்றுபோனாலும் பின்னையது நம் கையில் இருக்கும். கணினியை அரிதாகப் பயன்படுத்துவோர்க்குப் பின்னையது ஒன்றே போதும். இவற்றுக்குப் பணச் செலவு வெளித்தட்டின் விலை மாத்திரமே. மற்றையது ஒரு மாலைப் பொழுதின் பொறுமை.

இம்முயற்சியில் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கை நம் கையினும் விரைவானது. எங்கே எதை வைத்தோம், எவ்வாறு மீட்பது என்பதை ஒரு தாளில் அவர்களைக் கொண்டே எழுதுவித்து அலுமாரியின் உட்கதவில் ஒட்டிவையுங்கள். நாம் அருகில் இல்லாத நாளிலும் அந்தத் தாள் அவர்களுக்கு வழிகாட்டும்.