கல்கத்தாவில் கிடைத்த குருப்பட்டம்

புதுக்குடியிருப்புக்குத் தெற்கே, ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் பண்டாரவன்னியன் ஆங்கிலப் படையினரால் தோற்கடிக்கப்பட்டான். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றி ஆங்கிலேயரை ஓடச் செய்தவன் அவன். வன்னி மண்ணில் வாள் பேசிய அந்த நாட்களில், நீரேரிக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில், அதே அரசாங்கத்தின் நியமனம் பெற்ற தமிழர் ஒருவர் வேறு வகையான சோதனைக்கு ஆளாகியிருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது வீரமன்று, பொறுமை. கிறிஸ்தியான் தாவீது என்பது அவர் பெயர்.

தஞ்சைச் சீமையைச் சேர்ந்த தாவீது, தமிழகத்தில் பெரும்புகழ் பெற்ற ஜெர்மானியரான சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர். 1801இல் தேசாதிபதி நோர்த் அவரை யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் போதகராக அமர்த்தினார். ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியபின் அவர்களுடைய தேவாலயங்கள் பல போதகரின்றிக் கிடந்த காலம் அது. 1806இல் அங்கு வந்த புக்கானன் பாதிரியார், யாழ்ப்பாணப் பகுதி முழுவதற்கும் புரட்டஸ்தாந்துப் போதகர் ஒருவரே இருப்பதையும், அவரும் இந்நிலத்தவராகவே இருப்பதையும் கண்டு வியந்து எழுதினார்.

ஆயினும் அந்த ஒருவருக்குக் குருப்பட்டம் இல்லை. அவர் பிரசங்கம் செய்யலாம், சிறுவர்க்குக் கற்பிக்கலாம். திருவிருந்து வழங்குவது மட்டும் குருப்பட்டம் பெற்றவர்க்கே உரியது. தம் சபை மக்களுக்கு ஆண்டுதோறும் உபதேசம் செய்தவர், அவர்களுக்கு அப்பமும் இரசமும் அளிக்கும் உரிமையின்றி நின்றார்.

தமிழர் ஒருவரைக் குருவாக்குவது அன்று புதுமையான செயலன்று. தரங்கம்பாடி லுத்தரன் சபையார் 1733ஆம் ஆண்டிலேயே ஆரோன் என்னும் தமிழருக்குக் குருப்பட்டம் அளித்துவிட்டனர். தடை இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டத்தில் இருந்தது. 1814இல் கல்கத்தாவின் முதல் அத்தியட்சராகப் பொறுப்பேற்ற மிடில்டன், தமக்களிக்கப்பட்ட அரச பட்டயம் சுதேசிகளுக்குக் குருப்பட்டம் அளிக்க இடந்தரவில்லை என்று கருதினார். அவர் 1822இல் காலமானார். மறு ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி அந்த ஐயத்தை நீக்கியது.

புதிய அத்தியட்சரான ஹீபர் தயங்கவில்லை. தாவீது கப்பலேறிக் கல்கத்தா சென்றார். அங்கே அவருடைய கல்வியும் ஆங்கிலப் புலமையும் சோதித்தறியப்பட்டன. 1824ஆம் ஆண்டு, கிறிஸ்து பரமேறிய திருநாளன்று உதவிக்குருவாகவும், திரித்துவ ஞாயிறன்று முழுக்குருவாகவும் அவர் பட்டம் பெற்றார். ஹீபரின் கையால் பட்டம் பெற்ற முதல் இந்நிலத்தவர் அவரே. யாழ்ப்பாணத்துக்கு அவர் வந்து அப்போது இருபத்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன.

அதே 1824இல்தான் மேற்கிந்தியத் தீவுகளான யமேய்க்காவுக்கும் பார்பேடோசுக்கும் முதல் அங்கிலிக்கன் அத்தியட்சர்கள் அபிஷேகம் பெற்றனர். அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அப்போதும் அடிமைகளாகவே இருந்தனர். திருச்சபை எங்கே சென்றாலும் ஆட்சியின் சட்டமும் அதனுடன் கப்பலேறியே சென்றது என்பதற்கு இவ்விரு கடல்களும் சான்றாகும்.

இங்கு நேயர்கள் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. 1823இல் மாறியது தாவீதின் தகுதியன்று, சட்டமே மாறியது. 1801இல் போதிக்கத் தகுதியுள்ளவர் என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்ட ஒருவரை, சட்டத்திலிருந்த ஓர் ஐயம் இத்தனை ஆண்டுகள் வாயிலில் நிறுத்தி வைத்திருந்தது. அவர் சினந்து விலகவில்லை. பட்டம் வரட்டும் என்று பணியை நிறுத்தவுமில்லை. பட்டம் பெற்றபின் யாழ்ப்பாணத்துக்கே மீண்டு அரசாங்கக் குருவாகத் தொண்டாற்றினார்.

அடுத்த படிக்கு இன்னும் எண்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன. 1912இல் அதே கல்கத்தா நகரில், திருநெல்வேலித் தமிழரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, இந்தியரில் முதல் அங்கிலிக்கன் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அவ்வாயிலின் முதற் கதவு திறக்கும்வரை கைசோராது பணி செய்து நின்றவர் கிறிஸ்தியான் தாவீது.